கல் சொல்லும் கணக்கு

தமிழ்நாட்டிலே குடிசையானாலும் மாளிகையானாலும், கடையானாலும் கல்லூரி விடுதியானாலும், சுவரிலே ஒரு நாள்காட்டி தொங்கும். அதன் அடியிலே, கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டுமே தெரியும் சிறிய எழுத்தில், பெரும்பாலும் ஒரே ஊரின் பெயர் இருக்கும்: சிவகாசி. எங்கள் ஊர்! தமிழனுக்கு நாளையும் கிழமையையும் மட்டுமல்ல, நல்ல நேரத்தையும் கெட்ட நேரத்தையும் சேர்த்தே அச்சிட்டு அனுப்பும் ஊர். இராகு காலம் எப்போது, எமகண்டம் எப்போது, சூலம் எத்திசையில், சந்திராட்டமம் எவருக்கு, அனைத்தும் எங்கள் அச்சகங்களிலிருந்துதான் புறப்படுகின்றன. இளமையில் அப்படிப்பட்ட அச்சகம் ஒன்றிலே தாள் அடுக்கும் வேலை பார்த்தவன் நான். அடுத்த ஆண்டு முழுவதற்குமான இராகு காலத்தை, இந்த ஆண்டு ஆவணி மாதத்திலேயே கட்டுக் கட்டாகத் தோளிலே சுமந்திருக்கிறேன். தோள் வலித்தது உண்மை. வேறு கேடு ஏதும் வரவில்லை!

அந்த நேரக் கணக்கிலே ஒரு வசதி உண்டு. அது சொல்வது பொய்த்தாலும் அதற்கு இழுக்கு வராது. நல்ல நேரத்தில் திறந்த கடை நட்டப்பட்டால், 'அவன் சாதகம் சரியில்லை' என்பார்கள். கெட்ட நேரத்தில் திறந்த கடை செழித்தால், 'முன்னோர் செய்த புண்ணியம்' என்பார்கள். தோற்கவே முடியாத ஏற்பாடு! தோற்க முடியாத ஒன்று, வென்றதாகச் சொல்லிக்கொள்ளவும் முடியாது என்பதை மட்டும் எவரும் எடுத்துரைப்பதில்லை.

தோழர்களே! எங்கள் சீமையிலே இன்னொரு நாள்காட்டியும் இருக்கிறது. எவரும் அச்சிடாதது, காலடியிலே கிடப்பது. கரிசல் மண்ணைத் தோண்டினால் சுக்கான் வரும். சுக்கானையும் தாண்டிப் போனால் பாறை வரும். கிணறு வெட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மேற்கே திருவில்லிபுத்தூர், இராசபாளையம் பக்கம் சென்றால், அந்தப் பாறையே மலையாக எழுந்து நிற்கும். அம்மியாய், ஆட்டுக்கல்லாய், வாசற்படியாய், வணங்கப்படும் சிலையாய் நம்மோடு வாழும் அந்தக் கருங்கல், தன் வயதைத் தானே சொல்கிறது. எப்படிச் சொல்கிறது? அது சொல்வதை ஏன் ஏற்கலாம்? இவ்விரண்டு கேள்விகளும் பல ஆண்டுகளாக என்னை விடாமல் தொடர்ந்தவை. விடை கண்டபோது, அது கல்லைப் பற்றிய பாடமாக மட்டும் இல்லை. பகுத்தறிவாளன் எப்படிப் பேசவேண்டும் என்ற பாடமாகவும் இருந்தது.

கருங்கல் ஒன்றை உடைத்துப் பாருங்கள். கண்ணாடிபோல் மின்னும் துகள் ஒன்று, வெளிர்நிறத் துகள் ஒன்று, கருமையான துகள் ஒன்று எனப் பல கனிமங்கள் கலந்திருக்கும். அவற்றினிடையே கண்ணுக்கு எளிதில் தென்படாத படிகம் ஒன்று ஒளிந்திருக்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு. சிர்க்கான் என்பது அதன் பெயர். சிர்க்கோனியம், சிலிக்கான், ஆக்சிசன் ஆகிய மூன்றும் சேர்ந்தது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலே கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் சிர்க்கானும் இதுதான். மலை கரைந்தது, பாறை மணலாயிற்று, ஆறு அடித்துக்கொண்டு போயிற்று. சிர்க்கான் மட்டும் சிதையாமல் கடற்கரை வந்து சேர்ந்தது. அத்தனை உறுதி!

அதைக் கல்லிலிருந்து பிரிக்கும் வேலை, நம் வீட்டுப் பெண்கள் அரிசி களையும்போது கல் அரிக்கும் வேலையைப் போன்றது. கல்லைப் பொடித்து நீரிலே அலசினால் இலேசானவை ஓடிவிடும். கனமானவை அடியிலே தங்கும். காந்தத்தால் இரும்பு கலந்தவற்றை விலக்குகிறார்கள். எஞ்சியவற்றை உருப்பெருக்கியின் கீழே பரப்பி, ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார்கள். இதிலே மந்திரம் இல்லை, பொறுமை இருக்கிறது.

அந்தப் படிகத்துக்குள்ளேதான் கடிகாரம். பூமிக்கடியில் பாறைக் குழம்பு குளிர்ந்து இறுகும்போது சிர்க்கான் பிறக்கிறது. பிறக்கும்போது தன் உடலிலே சிறிதளவு யுரேனியத்தை ஏற்றுக்கொள்கிறது. ஈயத்தை ஏற்க மறுக்கிறது. ஈய அணு அதன் கட்டமைப்பிலே பொருந்தாது. யுரேனியமோ தானே படிப்படியாகச் சிதைந்து, முடிவிலே ஈயமாக மாறும் இயல்புடையது. ஆகவே, ஈயமின்றிப் பிறந்த படிகத்திலே இன்று ஈயம் இருக்குமானால், அது அங்கேயே விளைந்த ஈயம். எவ்வளவு யுரேனியம் மிஞ்சியிருக்கிறது, எவ்வளவு ஈயம் விளைந்திருக்கிறது என்று எண்ணினால், எத்தனை ஆண்டு கழிந்தது என்பது தெரிந்துவிடும்.

'அந்தச் சிதைவு எக்காலத்திலும் ஒரே வேகத்தில் நடந்தது என்பதற்கு என்ன உறுதி?' என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்! பட்டாசுத் தொழில் அறிந்தவன்தான் இதை முதலில் கேட்பான். ஏனெனில், திரி எரியும் நேரம் மருந்தின் பதத்தைப் பொறுத்தது என்பது அவனுக்குத் தெரியும். ஈரம் ஏறினால் ஒரு குணம், வெயில் ஏறினால் ஒரு குணம், உரசினால் வேறொரு குணம். திரியைப் பார்த்துக் காலத்தைக் கணிக்க எங்கள் ஊரிலே எவனும் துணியமாட்டான். ஆனால், மருந்து எரிவது அணுக்கள் ஒன்றோடொன்று கூடுவதாலும் பிரிவதாலும் நேர்வது. அணுவின் வெளிப்புறத்திலே நடக்கும் வினை. யுரேனியம் சிதைவது அணுவின் கருவுக்குள்ளே. அங்கே வெயில் எட்டாது, ஈரம் புகாது, மலையின் பாரமும் தீண்டாது. சூடேற்றிப் பார்த்தார்கள், அழுத்திப் பார்த்தார்கள், அச்சிதைவின் வேகம் மாறவில்லை.

இத்தனைக்குப் பிறகும் அறிவியல் அந்தச் சாட்சியை அப்படியே நம்பிவிடவில்லை. இதுதான் என் உள்ளத்தைக் கவர்ந்த பகுதி. யுரேனியத்திலே இரு வகை உண்டு. 238 எடையுள்ளது, பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டு பிடிக்கும். முடிவிலே 206 எடையுள்ள ஈயமாகும். 235 எடையுள்ளது, ஏறத்தாழ 70 கோடி ஆண்டிலேயே பாதியாகிவிடும். முடிவிலே 207 எடையுள்ள ஈயமாகும். ஆக, ஒரே படிகத்துக்குள் இரண்டு கடிகாரங்கள். ஒன்று மெல்ல ஓடுவது, மற்றொன்று விரைந்து ஓடுவது. படிகத்தின் வயது 250 கோடி ஆண்டு என்றால், முதல் வகையிலே நூற்றுக்கு 32 அணுக்கள் ஈயமாகியிருக்க வேண்டும்; இரண்டாம் வகையிலே நூற்றுக்கு 91. வயது 55 கோடி ஆண்டு என்றால், முதலாவதிலே 8, இரண்டாவதிலே 42. இரண்டு சாட்சிகளையும் தனித்தனியே நிறுத்திக் கேட்கிறார்கள். இருவரும் ஒரே வயதைச் சொன்னால் ஏற்கிறார்கள். இடையிலே படிகம் அடிபட்டு ஈயம் கசிந்திருந்தால், இரு கணக்கும் முரண்பட்டுப் போகும். கோளாறு தானே வெளிப்பட்டுவிடும். கணக்குகள் ஒத்துப்போகும் நிலையைக் காட்டும் கோட்டுக்குக் கன்கார்டியா என்று 1956-லே பெயரிட்டார், அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் வெதரில்.

நல்ல நேரம் குறித்த சோதிடனிடம் இப்படி ஓர் இரண்டாம் கடிகாரம் உண்டா? தான் பிழைபட்டால் தானே காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு உண்டா? அறிவியலுக்கும் ஆரூடத்துக்கும் இடையே உள்ள வேலி இதுதான்.

சரி, எங்கள் பாறை என்ன சொல்லிற்று? பாலக்காட்டுக் கணவாய்க்கும் காவிரிக்கும் தெற்கே தொடங்கி, அச்சன்கோவில் வரை விரிந்து கிடக்கும் பாறைப் பரப்பை மதுரைத் தொகுதி என்று புவியியலார் வழங்குகின்றனர். விருதுநகர் மாவட்டம் அதிலே அடக்கம். இராசபாளையத்துப் பக்கத்துப் பாறைகளிலே சபிரின் என்னும் அரிய கனிமம் இருக்கிறது. அது அங்கே கிடைக்கும் விதத்தை ஆராய்ந்து, அந்தப் பாறைகள் ஒரு காலத்திலே 900 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தைக் கண்டவை என்று அறிஞர்கள் முடிவு கட்டியிருக்கிறார்கள். மதுரைத் தொகுதி அப்படி உலையிலிட்டதுபோல் உருமாறிய காலத்தைப் படிகங்கள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுக்கு முன் என்று குறிக்கின்றன. இந்தியா, இலங்கை, மடகாசுகர், ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா ஆகியவை மோதி ஒட்டி, கோண்டுவானா என்னும் ஒரே நிலமாகத் திரண்ட காலம் அது. சிர்க்கானை அறுத்து, மின்னணுக் கதிர் பாய்ச்சி ஒளிரச் செய்தால், மரத்தின் வளையங்களைப்போல் அடுக்கடுக்காய்த் தோன்றும். நடுவிலே பழைய கரு. வெளியிலே புதிய மேலுறை. மதுரைத் தொகுதியின் சில படிகங்களிலே கருவின் வயது 200 கோடியையும் தாண்டும். மேலுறையின் வயது 55 கோடி. முன்பொரு முறை பிறந்து, பின்பொரு முறை தீக்குளித்த வரலாற்றை மணலினும் சிறிய துகள் தன்னுள்ளே எழுதி வைத்திருக்கிறது.

இதைப் படித்துத் தெளிந்திருந்த நாட்களிலே, எங்கள் பக்கத்து ஊர் மண்டபம் ஒன்றிலே சொற்பொழிவு கேட்கச் சென்றேன். படித்த பெரியவர் ஒருவர் பேசினார். "பிரமனுக்கு ஒரு பகல் 432 கோடி ஆண்டு. பூமியின் வயது 454 கோடி என்று இன்று வெள்ளைக்காரன் சொல்கிறான். நம் முன்னோர் கருவியின்றியே அன்றே கண்டுவிட்டார்கள்!" என்றார். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

நான் எழுந்து, "ஐயா, அந்தக் கணக்கின்படி பிரமனின் இந்தப் பகல் முடிந்துவிட்டதா?" என்று கேட்டேன்.

"இல்லை தம்பி, நடந்துகொண்டிருக்கிறது" என்றார்.

"இதுவரை எத்தனை ஆண்டு கழிந்தது?"

"197 கோடி" என்றார். கணக்கு அறிந்தவர், மறைக்கவில்லை.

"சேலத்துப் பாறையும் நீலகிரிப் பாறையும் 250 கோடி ஆண்டு வயது காட்டுகின்றனவே ஐயா? இந்தப் பகல் விடியுமுன்பே அவற்றை அங்கே வைத்தவர் யார்?"

அவர் சிரித்தார். "நம்பிக்கைக்கு அளவுகோல் வைக்கக்கூடாது தம்பி" என்றார். நல்ல மனிதர். ஆனால் அறிவியலின் அளவுகோலை முதலில் கையில் எடுத்தவர் அவர்தானே! எண் ஒத்ததுபோல் தோன்றியபோது அளவுகோல் வேண்டும், ஒவ்வாதபோது வேண்டாமா? 432 கோடி எப்படி வந்தது? கலியுகத்துக்கு 4,32,000 ஆண்டு என்றார்கள். அதைப் பத்தாயிரத்தால் பெருக்கினார்கள். பெருக்கல் சரி, ஆனால் அதற்காக எந்தக் கல்லையும் எவரும் உடைத்துப் பார்க்கவில்லை.

இத்தகைய மயக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்து நாட்டுப் பேராயர் அசர், 1650-லே வேத நூலின் தலைமுறைக் கணக்கைக் கூட்டி, உலகம் கி.மு. 4004-லே படைக்கப்பட்டது என்றார். பெரும் அறிவியல் மேதையான கெல்வின்கூட, பூமி குளிர்ந்து வரும் கணக்கைப் போட்டு, 1897-லே 2 கோடி முதல் 4 கோடி ஆண்டுதான் என்று அறுதியிட்டார். அவர் கணக்கின் அடிப்படைகள் பொருந்தாதவை என்று பின்னர் தெரிந்தது. 1896-லே பெக்கரல் கண்ட கதிரியக்கம் புதிய கடிகாரத்தைத் தந்தது. 1911-லே ஆர்தர் ஓம்சு என்னும் 21 வயது இளைஞர், நார்வே நாட்டுப் பாறை ஒன்றுக்கு 37 கோடி ஆண்டு என்று அளந்து வெளியிட்டார். மேதையின் சொல்லை மாணவனின் அளவை வென்றது! 'பெரியவர் சொன்னார்' என்பது அங்கே எடுபடவில்லை. 1956-லே கிளேர் பேட்டர்சன், விண்கற்களின் ஈயத்தை ஆராய்ந்து, பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று கண்டார். அந்த அளவு பெரிய மாற்றமின்றி இன்றும் நிற்கிறது. ஆத்திரேலியாவின் சாக் மலைகளிலே கிடைத்த சிர்க்கான் துகள் ஒன்றின் வயது 440 கோடி ஆண்டு என்று 2001-லே அறிவித்தார்கள்.

மண்டபத்துப் பெரியவரை மடக்கிவிட்டு மகிழ்ந்து வீடு திரும்புவது எளிது. நம் மேடையிலே நாம் பேசுவது என்ன? தோழர்களே, சினம் கொள்ளாமல் கேளுங்கள். கல்லுக்கும் மண்ணுக்கும் முற்பட்ட குடி நாம் என்று நாமும் முழங்குகிறோம். புலவன் பெருமைக்காகப் பாடியதை வரலாறுபோல் எடுத்துரைக்கிறோம். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்திலே கிடைத்த கற்கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்று 2011-லே அறிவித்தார்கள். அவற்றைச் செய்தவர்கள் இன்றைய மனித இனத்துக்கு முற்பட்ட இனத்தார். இன்றைய மனித இனத்தின் வயதே ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுதான். கல்லின் கணக்கோ கோடிகளிலே! ஒருமுறை நம் கூட்டத்திலேயே இதை எழுந்து சொன்னேன். முகம் சுளித்தவர்கள் உண்டு. 'நம் பெருமையை நாமே குறைக்கலாமா?' என்றார் ஒரு தோழர்.

குறையவில்லை தோழரே! கீழடிக்கு நாம் ஏன் தலை நிமிர்ந்து நிற்கிறோம்? அங்கே கிடைத்த கரித்துகளின் காலம் கி.மு. 580 என்று ஆய்வகம் எண்ணிச் சொன்னதை 2019-லே வெளியிட்டார்கள். அதுவும் ஒரு கடிகாரம்தான். கரியிலே உள்ள 14 எடையுள்ள அணு 5,730 ஆண்டிலே பாதியாகும். ஆகையால் அது மனிதனின் காலத்தை அளக்கும், பாறையின் காலத்தை அளக்காது. சிவகாசிக்கு அருகிலே, வைப்பாற்றங்கரையிலே, வெம்பக்கோட்டையில் 2022 முதல் அகழ்ந்து பார்த்தார்களே, எதற்காக? சொல்லளவில் நின்ற பழம்பெருமையைக் கையிலே எடுத்துப் பார்ப்பதற்காக. அளந்து வந்த பெருமையை எவனும் பறிக்க முடியாது. அளக்காத பெருமையை எவனும் கேலி செய்யலாம். பிறருக்கு ஓர் அளவுகோல், நமக்கு ஓர் அளவுகோல் என்றால், நாம் பகுத்தறிவாளர்கள் அல்ல. இன்னொரு மண்டபத்துப் பேச்சாளர்கள்!

'கல்லின் வயதைத் தெரிந்து பசியா தீரும்?' என்று கேட்பவர்களுக்கும் ஒரு விடை உண்டு. பேட்டர்சன் முதலிலே பயின்றது, சிர்க்கானிலே உள்ள ஈயத்தை அளக்கும் வேலைதான். அளந்தபோது கணக்கு ஒத்துவரவில்லை. படிகத்தின் ஈயத்தைவிட, ஆய்வகத்துக் காற்றிலும் தூசியிலும் இருந்த ஈயம் மிகுதியாயிருந்தது! தூசியற்ற அறை அமைத்து அவர் பூமியின் வயதைக் கண்டார். அதோடு நிற்கவில்லை. 'இத்தனை ஈயம் எங்கிருந்து வந்தது?' என்று தேடினார். பெட்ரோலிலே கலந்த ஈயம் உலகின் காற்றையே நஞ்சாக்கி வருவதைக் கண்டு, 1965-லே எழுதினார். பெருமுதலாளிகள் பகைத்தார்கள், அவர் பணியவில்லை. இந்தியாவிலே 2000-லே ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. 2021-லே அல்சீரியா கைவிட்டதோடு, சாலை வண்டிகளுக்கான பெட்ரோலிலே ஈயம் உலகெங்கும் ஒழிந்தது. நம் பட்டாசிலே ஈயம், பாதரசம், ஆர்செனிக், ஆண்டிமனி, இலித்தியம் ஆகியவை கூடாது என்று 2017-லே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கல்லை ஆராய்ந்தவன் குழந்தையின் குருதியைக் காத்தான். கேள்வியை விடாதவனுக்கு அறிவு எங்கிருந்து எங்கே வழிகாட்டுகிறது, பாருங்கள்!

எங்கள் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்லவேண்டும். என் அத்தை பட்டாசு ஆலை ஒன்றிலே மருந்து செலுத்தும் வேலை பார்த்தாள். ஒரு கோடைக்காலக் காலை வெடித்தது. அவளோடு இன்னும் இருவர் போனார்கள். எடுத்து வந்தபோது, வந்திருந்த உறவினர் அனைவரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: "அவள் நேரம்!" பக்கத்து அறையில் வேலை பார்த்த பெண் ஒருத்தி மட்டும் என்னைத் தனியே அழைத்து, "முதல்நாள் மிஞ்சிய மருந்தைக் கொட்டாமல் வைத்திருந்தார்கள், தம்பி. அறையிலே ஆளும் கூட" என்றாள். மிஞ்சிய மருந்து! கூடுதலான ஆள்! இவை எந்த இராசிக் கட்டத்திலே இருக்கின்றன? 'அவள் நேரம்' என்ற சொல்லால் துக்கம் ஆறவில்லை, விசாரணைதான் ஆறிப்போயிற்று. 2012 செப்டம்பர் 5-லே முதலிப்பட்டியிலே முப்பதுக்கும் மேற்பட்டோர் வெந்து மாண்டபோதும், 'விதி' என்ற சொல்லை என் காதாலே கேட்டேன்.

விதி என்றவன் காரணத்தைத் தேடமாட்டான். காரணத்தைத் தேடாதவன் அடுத்த வெடிப்பைத் தடுக்கமாட்டான். 55 கோடி ஆண்டுக்கு முன் நடந்ததைத் துகளை உடைத்துக் கண்டுபிடிக்க மனிதனால் முடிகிறது. நேற்று மாலை மருந்தறையிலே நடந்ததைக் கண்டுபிடிக்க முடியாதா? முடியும். கேட்கும் துணிவு வேண்டும்.

ஆகவே, இளந்தோழர்களே! உங்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. எவன் எந்த எண்ணைச் சொன்னாலும், "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். மண்டபத்திலே கேளுங்கள், நம் மேடையிலே அதைவிட உரக்கக் கேளுங்கள். ஆலை வாசலிலே, "இன்று அறையின் வெப்பம் எவ்வளவு? உள்ளே எத்தனை பேர்? மிஞ்சிய மருந்து எங்கே?" என்று கேளுங்கள். விடை சொல்பவனிடம், "அது பிழையானால் எதைக்கொண்டு தெரிந்துகொள்வோம்?" என்றும் கேளுங்கள். அந்த இரண்டாம் கேள்விக்கும் மறைக்காமல் விடை சொல்கிறது, இராசபாளையத்து மலையிலே பேச்சின்றிக் கிடக்கும் கல். பேசத் தெரிந்த நாம் அதனினும் குறைந்தவர்களாய் இருக்கலாமா?